பிரெஞ்சுக் கிராமத்துச் சாமியார் வீடு யாருடைய சொத்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்சின் கிராமங்களில் விற்பனைக்கு வரும் பழைய பங்குச் சாமியார் வீடுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். படங்கள் அருமை. ஆனால் அதில் இரண்டு செய்திகள் தவறு. குருக்கள் குறைந்துபோனதால் திருச்சபை தன் வீடுகளை விற்றுக் காசாக்குகிறது என்பது ஒன்று. ஓதம் ஏறிய பழைய சுவர்களுக்குச் சிமெண்ட் பூசி, மேலே நீர் புகாத பெயிண்ட் அடித்தால் தீர்ந்தது என்பது மற்றொன்று. முதல் தவறால் யாருக்கும் பண நட்டமில்லை. இரண்டாவதை நம்பி ஒருவர் வேலையில் இறங்கினால் வீடே போய்விடும். பழங்கட்டடச் சீரமைப்பில் இருப்பவர்கள் என்ற முறையில் இரண்டையும் விளக்குகிறோம். கடிதம் நீளம், பொறுத்தருள வேண்டும்.

மன்னராட்சிக் காலத்திலேயே இந்த வீடு கோயிலின் தனிச் சொத்தாக நடத்தப்படவில்லை. பங்குச் சாமியாருக்குத் தகுந்த இருப்பிடம் கொடுப்பது பங்கு மக்களின் கடமை என்று 1695 ஏப்ரல் அரசாணை விதித்தது. சுவர், கூரை, உத்தரம் போன்ற பெரிய பழுது ஊர்ப்பொறுப்பு. சில்லறைப் பழுது சாமியார் பொறுப்பு. எது பெரியது, எது சில்லறை என்பதில் ஊருக்கும் சாமியாருக்கும் ஓயாத வழக்கு. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் நேரே சாமியார் கைக்கு வந்த ஊர்களில் வீட்டை ஒட்டித் தானியக் களஞ்சியமும் குதிரை லாயமும் இருக்கும். தசமபாகத்தை மடமோ வேறு மேலிடமோ எடுத்துக்கொண்டு, பங்குச் சாமியாருக்கு ஆண்டுப்படி மட்டும் கொடுத்த ஊர்களும் உண்டு. அந்தப் படி 1686-இல் 300 லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்), 1768-இல் 500, 1786-இல் 700. அத்தகைய ஊர்களில் வீடும் ஒடுக்கமாகவே இருக்கும். பழைய வீட்டில் களஞ்சியமும் அகலமான வண்டிவாசலும் இருந்தால், அங்கே தானியம் வந்து இறங்கியிருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு.

1789 நவம்பர் 2 அன்று திருச்சபைச் சொத்துகள் தேசத்தின் கைக்குப் போயின. பிறகு சாமியார் வீடுகளும் ஏலத்துக்கு வந்தன. விற்காமல் எஞ்சியவற்றை ஊர்ப்பள்ளி ஆசிரியர் குடியிருக்கவும் வகுப்பு நடத்தவும் ஒதுக்கியது 1794 நவம்பர் சட்டம். நெப்போலியன் 1801-இல் போப்பாண்டவருடன் உடன்படிக்கை செய்துகொண்டபின், 1802 ஏப்ரல் 8 சட்டத்தின் 72-ஆம் பிரிவு, விற்கப்படாத வீடுகளையும் அவற்றை ஒட்டிய தோட்டங்களையும் பங்குச் சாமியார்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. வீடு இல்லாத ஊரில் ஊராட்சியே ஏற்பாடு செய்யலாம் என்றது. 1809 டிசம்பர் 30 ஆணை அதைக் கடமையாகவே ஆக்கியது: வீடு, அல்லது வேறு இருப்பிடம், இரண்டும் இல்லையென்றால் வாடகைப் பணம். 19-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக எழுந்த, நடுவில் கதவும் இருபுறமும் ஒழுங்காகச் சன்னல்களும் வைத்த மாடிவீடுகள் பலவும் அப்படி ஊர்ப்பணத்தில் கட்டியவைதான்.

1905 டிசம்பர் 9 சட்டம் அரசையும் மதத்தையும் பிரித்தது. சாமியார் வீட்டை ஐந்தாண்டு வாடகையில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று அதன் 14-ஆம் பிரிவு சொன்னது. ஆனால் அந்தச் சலுகை, சட்டம் கேட்ட வழிபாட்டுச் சங்கங்களை அமைப்பதைப் பொறுத்தது. போப்பாண்டவர் பத்தாம் பயஸ் 1906-இல் அந்தச் சங்கங்களை ஏற்க மறுத்தார். எனவே 1907 ஜனவரி 2 சட்டம் சாமியார் வீடுகளை நேரே ஊராட்சிகளின் முழு ஆளுகைக்குக் கொண்டுவந்தது. கட்டுரையாளர் தவறவிட்டது இந்த இடத்தைத்தான். 1905-க்கு முன் கட்டிய பங்குக் கோயில்களும் பெரும்பாலும் ஊராட்சிச் சொத்தே. ஆனால் கோயிலை வழிபாட்டுக்கு இலவசமாக விட்டுவைக்க வேண்டும், விற்க முடியாது. சாமியார் வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சாமியாரே குடியிருந்தாலும் வாடகைதாரர்தான். வாடகையைப் பேருக்கு ஒரு தொகையாக வைத்தால், அது மதத்துக்கு மறைமுக மானியம் என்று ஆட்சேபம் வரும்.

விதிவிலக்கு இரண்டு. 1905-இல் ஜெர்மனியின் கையில் இருந்த ஓ-ரேன், பா-ரேன், மொசேல் மாவட்டங்களில் பழைய உடன்படிக்கை இன்றும் நடப்பில் இருக்கிறது. அங்கே சாமியாரைக் குடிவைப்பது இப்போதும் ஊராட்சியின் கடமை. இரண்டாவது, 1905-க்குப் பின் மறைமாவட்டங்கள் தாங்களே வாங்கிய, கட்டிய வீடுகள். இவற்றை மறைமாவட்டம் விற்கலாம், விற்கவும் செய்கிறது. தங்கள் கட்டுரையின் குழப்பம் இதிலிருந்து கிளைத்திருக்கலாம்.

தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு நன்கு தெரிந்த சாமியார் வீடு ஆர்ஸ் ஊரில் இருக்கிறது. லியோனுக்கு வடக்கே, எய்ன் மாவட்டத்தில் சிற்றூர். பங்குத்தந்தையரின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னி 1818 பிப்ரவரியில் அங்கே வந்து, 1859 ஆகஸ்ட் 4-இல் இறக்கும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார். ஊர்ச் சீமாட்டி கொடுத்திருந்த நல்ல மரச்சாமான்களில் பலவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். கீழே சமையலறை, மேலே படுக்கையறை என்று அவர் காலத்து நிலையிலேயே வீட்டைக் காத்துவருகிறார்கள். புனிதர் குடியிருந்ததால் அது பிழைத்தது. மற்ற ஊர்களின் வீடுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றின் கதி ஊராட்சி மன்றத்தின் ஒரு மாலைக் கூட்டத்தில் முடிவாகிறது.

விற்பனை நடைமுறையில் கவனிக்க வேண்டிய ஓட்டை ஒன்று உண்டு. 2,000 பேருக்கு மேல் உள்ள ஊராட்சி தன் கட்டடத்தை விற்குமுன் அரசின் சொத்து மதிப்பீட்டுத் துறையின் கருத்தைப் பெற வேண்டும். அதற்குக் குறைந்த ஊர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சாமியார் வீடுகள் அதிகம் இருப்பதோ அந்தச் சிற்றூர்களில்தான். கூரை ஒழுகுகிறது, பழுது பார்க்கப் பணமில்லை என்ற இரண்டு வரியோடு தீர்மானம் நிறைவேறிவிடும். ஊராட்சி மன்றக் கூட்டம் பொதுக்கூட்டம். யாரும் போய் உட்காரலாம். நடவடிக்கைக் குறிப்பின் நகலை யாரும் கேட்டு வாங்கலாம்; அதற்கு அந்த ஊர்க்காரராகவோ பிரெஞ்சுக் குடிமகனாகவோ இருக்க வேண்டியதில்லை.

இனிச் சுவர். இதில்தான் கட்டுரை மோசமாகச் சறுக்கியிருக்கிறது.

இந்த வீடுகளின் சுவர் அரை மீட்டருக்குக் குறையாத கனம். பெரும்பாலும் வெளியிலும் உள்ளிலும் ஒவ்வொரு வரிசைக் கல், நடுவில் மண்ணும் சுண்ணாம்பும் சில்லுக் கல்லும் போட்டு அடைத்தது. அடித்தளம் ஆழமில்லை, நிலத்தடி ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. ஆர்ஸ் இருக்கும் தோம்ப் வட்டாரத்தில் பிசே என்ற இடித்திறுக்கிய மண்சுவர் அதிகம்: கீழே கூழாங்கல்லோ செங்கல்லோ வைத்த அடிச்சுவர், அதன்மேல் பலகை அடைத்து அடுக்கடுக்காக இடித்த மண். எந்த வகையானாலும் நிலத்து ஈரம் கொஞ்சம் மேலே ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஏறுவதும் காய்வதும் சமமாக இருக்கும்வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது.

சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஓதம் காய இடமில்லாமல் இன்னும் மேலே ஏறி, வீட்டுக்குள் பக்கம் உப்பாகப் பூக்கிறது. சிமெண்ட் சுவரைவிடக் கடினம். சுவர் அசையும்போது அது சேர்ந்து அசையாமல் விரிசல் விடுகிறது. மயிரிழை விரிசலில் மழைநீர் புகுந்துவிடும், புகுந்த நீர் வெளியேறாது. குளிர்காலத்தில் அது உறைந்து கல்லின் முகத்தைப் பெயர்க்கும். லுவார் பள்ளத்தாக்கின் துஃபோ போன்ற மென்கல் சுவரில் இணைப்புக்குச் சிமெண்ட் வைத்தால், சில பத்தாண்டுகளில் கல் தேய்ந்து உள்ளே போயிருக்கும், சிமெண்ட் மட்டும் விளிம்பாகத் துருத்திக்கொண்டிருக்கும். பிசே சுவரில் நிலைமை இன்னும் ஆபத்து: அடிப்பகுதி மண் நனைந்து வலுவிழக்கிறது, வெளியே சிமெண்ட் முகம் அழகாகவே நிற்கிறது, ஒருநாள் சுவர் முன்னறிவிப்பின்றி உட்கார்ந்துவிடுகிறது. புதுச்சேரிக் கடற்கரையில் இருந்த பழைய மேரி (நகராட்சி அலுவலக) கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது வேறு வகைக் கட்டுமானம். ஆனால் பழஞ்சுவருக்குள் தண்ணீர் தங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடக் கண்கூடான சாட்சி நம் பக்கத்தில் இல்லை.

ஆகவே வேலையின் வரிசை முக்கியம். முதலில் கூரை, அடுத்து மழைநீர்க் குழாய், அதன்பின் வெளித்தரை, கடைசியாகத்தான் பூச்சு. பலர் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தை இழக்கிறார்கள். தெற்கே உள்ள அரைவட்ட ஓடுகள் சரிவு குறைந்த கூரையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா கிடப்பவை; காற்றும் அதிர்வும் அவற்றை மெல்லக் கீழே நகர்த்தும். ஆண்டுக்கு ஒருமுறை ஆள் ஏறி மேலே தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவே. துத்தநாகத் தகட்டு ஓடை இலைக் குப்பையால் அடைபட்டால் நீர் சுவர் வழியே வழிந்து உத்தரத்தின் முனையை நனைக்கும். உத்தரம் அழுகுவது பெரும்பாலும் சுவருக்குள் புதைந்த முனையில்தான். நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லும் ஆளை நம்ப வேண்டாம். ஒரு திருப்புளியை முனையில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளித்தரை நூறாண்டுகளில் மண்ணும் சரளையும் சேர்ந்து உயர்ந்திருக்கும். அதை உள்தரைக்கு 15 முதல் 20 செ.மீ. கீழே இருக்குமாறு வெட்டி எடுக்க வேண்டும். சுவரை ஒட்டிப் போட்ட சிமெண்ட் நடைபாதை இருந்தால் பெயர்த்துவிட வேண்டும். தரையில் அடைபட்ட ஈரம் முழுவதும் சுவர் வழியே ஏறுவதற்கு அதுதான் காரணம். நீர்வடி கால்வாய் தோண்டினால் சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளித் தோண்டுங்கள். சுவரை ஒட்டித் தோண்டினால் ஆழமில்லாத அடித்தளம் பக்கவாட்டுப் பிடிமானத்தை இழந்து நகரும். வீட்டுக்குள்ளும் இதே கதை. பழைய அறுகோணச் சுட்டமண் ஓட்டுத் தரையைப் பெயர்த்து, பிளாஸ்டிக் தாள் விரித்துக் கான்கிரீட் போட்டால், தரையில் காய வேண்டிய ஈரம் நான்கு பக்கச் சுவர்களுக்கும் திருப்பி விடப்படும். தரை கெட்டுப்போயிருந்தால் பருங்கல் படுகை, அதன்மேல் சுண்ணாம்புக் கான்கிரீட், அதன்மேல் பழைய ஓடுகளையே கழுவித் திரும்பப் பதிப்பது என்பதுதான் சரி.

பழைய சிமெண்ட் பூச்சைக் கையால், உளியும் சுத்தியும் கொண்டு எடுக்க வேண்டும். மண்சுவரில் கனத்த இடிப்பு இயந்திரம் கூடவே கூடாது. எடுத்தபின் உடனே பூசாதீர்கள். குறைந்தது ஒரு கோடை, முடிந்தால் ஓராண்டு, சுவர் திறந்து கிடந்து காயட்டும். ஒப்பந்தக்காரர் இதற்குச் சம்மதிக்க மாட்டார், ஏனென்றால் அவருக்குச் சாரம் இருமுறை கட்ட வேண்டும். அந்தச் செலவைப் பார்த்துப் பின்வாங்கினால் மொத்த வேலையும் வீண்.

சுண்ணாம்பில் இரண்டு வகை. காற்றில் இறுகும் சுண்ணாம்பு மென்மையானது, மூச்சு விடுவது. மென்கல்லுக்கும் மண்சுவருக்கும் ஏற்றது. நீரோடு சேர்ந்து இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு என்.எச்.எல். என்ற பெயரில் 2, 3.5, 5 என்ற எண்களோடு வரும். சாதாரணக் கல்சுவருக்கு 2 அல்லது 3.5 போதும். 5 என்பது இந்த வேலைக்குத் தேவைக்கு மீறிய கடினம். கடைக்காரர் வலிமை அதிகம் என்று அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். மூட்டையில் சிமெண்ட் கலந்திருக்கிறதா என்று சிட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கலவையை மூட்டைக் கணக்கில் அளக்காமல் வாளிக் கணக்கில் அளக்க வேண்டும். காற்றில் இறுகும் சுண்ணாம்பு ஒரு லிட்டர் அரைக் கிலோ அளவுக்குத்தான் இருக்கும், நீரில் இறுகுவது முக்கால் கிலோவை நெருங்கும். ஒரே எடைக்கணக்கை இரண்டுக்கும் வைத்தால் சாந்து கெடும். முதலில் தெறிப்புப் பூச்சு: சுண்ணாம்பு 1 வாளி, 4 மி.மீ. வரையிலான மணல் 2 வாளி, நீர்க்கத் தளர்வாகக் கலந்து, கரணையால் சுவரில் விசிறி அடிப்பது. கனம் 5 மி.மீ. போதும், சொரசொரப்பாகவே இருக்கட்டும், தேய்க்காதீர்கள். சில நாள் கழித்து நடுப்பூச்சு: சுண்ணாம்பு 1, மணல் இரண்டரை முதல் 3, கனம் 15 முதல் 20 மி.மீ. அதற்கு மேல் கனம் வேண்டிய பள்ளங்களை முன்னதாகவே கல்சில்லு வைத்து அடைத்துவிட வேண்டும். ஒரே மூச்சில் கனமாக அப்பினால் தொங்கிப் பிளக்கும். ஒன்றிரண்டு வாரம் காய்ந்தபின் மெல்லிய கடைசிப் பூச்சு, 2 மி.மீ. வரையிலான நுண்மணலில், சுண்ணாம்பு 1, மணல் 3. ஒவ்வொரு முறையும் முந்தின நாளே சுவரை நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த சுவர் சாந்தின் நீரை உறிஞ்சிவிட்டால் சுண்ணாம்பு இறுகாமல் மாவாக உதிரும்.

வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழோ 30-க்கு மேலோ இருந்தால் வேலையை நிறுத்த வேண்டும். உறைபனி அடித்த இளம் சுண்ணாம்பு அடுத்த வசந்தத்தில் தகடு தகடாகக் கழன்று விழும். பிரான்சின் பெரும்பகுதியில் நவம்பரிலிருந்து மார்ச் வரை வெளிப்பூச்சு வேண்டாம். கோடையில் வெயில் படும் சுவருக்கு முன்னால் ஈரச்சாக்கோ வலையோ தொங்கவிட வேண்டும்.

அளவுக்கு ஒரு கணக்கு: 100 சதுர மீட்டர் சுவரில் 2 செ.மீ. நடுப்பூச்சுக்கு 2 கன மீட்டர் சாந்து. அதற்கு மணல் மூன்று டன்னுக்குச் சற்று மேல்; என்.எச்.எல். சுண்ணாம்பு 25 கிலோ மூட்டையில் 21 முதல் 24 வரை. எட்டு மூட்டையில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் விலைப்புள்ளி கொடுத்தால், மீதிக்கு எதைக் கலக்கப்போகிறார் என்று கேளுங்கள்.

நிறத்துக்குப் பெயிண்ட் வேண்டாம். சுண்ணாம்பு 1, நீர் 2 என்ற கணக்கில் கரைத்த நீர்மத்தில் காவி, மஞ்சள் மண் போன்ற இயற்கை நிறமண்ணைச் சேர்த்து அடித்தால் போதும். நிறமண் சுண்ணாம்பின் எடையில் கால்பங்கைத் தாண்டினால் கையில் ஒட்டும். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அடித்தால் பிடிப்பு அதிகம். அக்ரிலிக் பெயிண்டும், நீர்விலக்கி என்று விற்கும் சிலிக்கோன் திரவங்களும் ஓதம் வெளியேறும் வழியை அடைப்பவை. சிமெண்ட் செய்யும் கேட்டையே கொஞ்சம் மெதுவாகச் செய்யும்.

மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி, காற்றோட்டமும் இல்லாவிட்டால் மெர்யூல் என்ற பூஞ்சை வரும். பஞ்சுபோல் வெள்ளையாகத் தொடங்கி, துருநிற நுண்தூளைக் கொட்டும். தாக்கிய மரம் கட்டம் கட்டமாக வெடிக்கும். ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த சாமியார் வீட்டில் படிக்கட்டின் அடிப்பக்கத்தையும் மரச்சுவரின் பின்பக்கத்தையும் முதலில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு அப்பாலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்வரை மரத்தை வெட்டி எடுக்க வேண்டும். காரை இடுக்கில் அதன் இழை ஓடியிருக்கும். 2014 மார்ச் 24 சட்டப்படி, மெர்யூல் இருப்பது தெரிந்தால் வீட்டில் குடியிருப்பவர், குடியில்லாவிட்டால் உரிமையாளர், ஊராட்சி அலுவலகமான மேரியில் அறிவித்தாக வேண்டும். 1949-க்கு முன் கட்டிய குடியிருப்பை விற்கும்போது ஈயப் பெயிண்ட் சோதனை அறிக்கையும் கட்டாயம். பழைய சன்னல் கதவுகளைச் சுரண்டும் முன் அந்த அறிக்கையைப் படியுங்கள்.

இப்போது புதிய கேடு ஒன்று சேர்ந்திருக்கிறது. ஆற்றல் தரச் சான்றில் கடைசிப் படியான ஜி வாங்கிய வீடுகளை 2025 ஜனவரி 1 முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2028-இல் எஃப், 2034-இல் ஈ. சாமியார் வீட்டை வாடகைக்கு விட்டு வந்த சிற்றூர்கள் பதறிப்போய் உள்சுவரில் பாலிஸ்டைரீன் பலகையை ஒட்டுகின்றன. அது சிமெண்ட்டின் தம்பி. சணல்தண்டுச் சில்லும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு, மரநார்ப் பலகை ஆகியவை வெப்பத்தையும் காக்கும், ஈரத்தையும் விடும். உண்மையில் முதல் வேலை பரண்மேல் நார்ப்பஞ்சு பரப்புவதுதான். செலவு குறைவு, கெடுதல் இல்லை. இரட்டைக் கண்ணாடிச் சன்னலை இறுக்கமாகப் பொருத்திவிட்டு, கணப்புப் புகைபோக்கியையும் அடைத்தால், உள்ளே நீராவி படிந்து மூலை மூலையாகக் கறுப்புப் பூசணம் வரும்; புகைபோக்கியை அடைத்தே ஆக வேண்டுமென்றால் மேலும் கீழும் காற்றுத் துளை விடுங்கள். வெப்பக்காப்பு வேலை கட்டடத்துக்கே கேடு விளைவிக்கும் என்று துறை வல்லுநர் எழுத்தில் காட்டினால் வாடகை விதியில் விலக்குக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பல மேயர்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

அறைகளைப் பிரிப்பதிலும் நிதானம் வேண்டும். நடுவில் படிக்கட்டு, ஒருபுறம் வந்தவர்களைச் சந்திக்கும் கூடம், மறுபுறம் சமையலறை, மேலே படுக்கையறைகள் என்ற அமைப்பை இரண்டு குடியிருப்பாக்கலாம். நான்காக்கினால் நான்கு குளியலறை, நான்கு கழிவுக் குழாய், வெட்டுப்பட்ட உத்தரங்கள். ஊர் நூலகம், மருத்துவர் அறை, விருந்தினர் விடுதி போன்ற பயன்பாடுகள் கட்டடத்தை அதிகம் நோகடிக்காதவை.

தோட்டத்தைக் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. மதில் சூழ்ந்த அந்தத் தோட்டம் வீட்டின் பாதி மதிப்பு. சிலுவை வடிவப் பாதைகள், ஓரங்களில் புய் என்ற குறும்புதர் வேலி, பீடத்துக்கு லில்லியும் ரோஜாவும், சமையலுக்குக் காய்கறி, சிறு நோய்களுக்கு மூலிகை, தெற்கு பார்த்த மதிலில் கைவிரித்தாற்போல் கட்டிய பேரிக்காய் மரம். நம்மவர்கள் குருத்தோலை ஞாயிறன்று தென்னங்குருத்து பிடிப்பதுபோல் அங்கே பல ஊர்களில் புய் கிளையைத்தான் மந்திரித்துக் கொண்டுபோகிறார்கள். அந்தப் புதரை ஒரு வெளிநாட்டு அந்துப்பூச்சியின் புழு தின்று தீர்க்கிறது. பிரான்சில் 2008-இல் அல்சாஸில் முதலில் தென்பட்டது. வசந்தத்தில் இலைகளுக்கிடையே நூல்வலை தெரிந்தவுடன் பசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிர்த் தூளை நீரில் கரைத்து, புழு சிறிதாக இருக்கும்போதே, மாலையில், இலையின் அடிப்புறமும் நனையும்படி தெளிக்க வேண்டும். வெயிலில் அது பலனிழக்கும், மழை பெய்தால் திரும்பத் தெளிக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று தலைமுறை வருவதால் ஒருமுறையோடு விட்டால் பயனில்லை. ஊராட்சிகள் பொதுப் பசுமையிடங்களில் இரசாயனப் பூச்சிமருந்து அடிப்பதற்கு 2017 முதல் தடை. இந்த நுண்ணுயிர் மருந்துக்குத் தடையில்லை. வண்டி நிறுத்துவதற்காக மதிலை இடிக்கும் ஊர்கள் பேரி மரத்துக்கு வெப்பம் கொடுத்த சுவரையும் சேர்த்தே இழக்கின்றன.

அனுமதி, பணம் பற்றிச் சுருக்கமாக. சாமியார் வீடு கோயிலை ஒட்டியே இருக்கும். அந்தக் கோயில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக இருந்தால், அதைச் சுற்றி 500 மீட்டருக்குள், அதோடு சேர்ந்து கண்ணில் படும் கட்டடங்களில் வெளிப்புற மாற்றம் எதற்கும் அரசுக் கட்டடக் கலைஞரின் ஒப்புதல் வேண்டும். முன்னறிவிப்பு விண்ணப்பத்துக்கு முடிவு சொல்லும் காலம் ஒரு மாதத்திலிருந்து இரண்டாகும். பிளாஸ்டிக் சன்னல் வைத்துவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைக்க வேண்டாம், கழற்றச் சொல்வார்கள். 1977 சட்டத்தில் பிறந்த மாவட்டக் கட்டடக்கலை ஆலோசனை மையங்கள் இலவசமாக வழிகாட்டும். 1996 சட்டத்தால் உருவான பாரம்பரிய அறக்கட்டளையின் முத்திரை கிடைத்தால், தனியார் உரிமையாளர் பழுதுச் செலவை வருமான வரிக்கணக்கில் கழிக்கலாம். ஆனால் வேலை தொடங்குமுன் விண்ணப்பிக்க வேண்டும், தொடங்கிய பிறகு ஒரு காசும் இல்லை. ஊராட்சியே உரிமையாளராக இருந்தால் அதே அறக்கட்டளை மூலம் நன்கொடை திரட்டலாம்; கொடுப்பவருக்கு 66 விழுக்காடு வரிச்சலுகை.

வாங்க நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட ஆவணக் காப்பகம். நெப்போலியன் காலத்து நில வரைபடம் பி வரிசையில், பல மாவட்டங்களில் இணையத்திலேயே கிடைக்கும். புரட்சிக்கால ஏலம் க்யூ வரிசை, ஊராட்சிக் கட்டடங்களின் கோப்பு ஓ வரிசை, மதவிவகாரம் வி வரிசை, 1790-க்கு முந்தைய கோயில் தாள்கள் ஜி வரிசை. ஓ வரிசைக் கோப்பில் பல நேரம் கட்டடக் கலைஞர் வரைந்த படமும், எத்தனை கன மீட்டர் கல், எந்தச் சுண்ணாம்பு என்ற மதிப்பீடும் இருக்கும். கொத்தனாரிடம் அந்தத் தாளைக் கொடுத்தால் பாதி வாக்குவாதம் மிச்சம்.

இக்கடிதத்தை முழுதாக வெளியிட இடமில்லையென்றால் மன்னர்காலக் கதையைத் தாராளமாக வெட்டிவிடுங்கள். 1907 சட்டம் பற்றிய திருத்தமும் சுண்ணாம்புச் சாந்தின் அளவுகளும் மட்டும் எழுத்துப்பிழையில்லாமல் வரட்டும், 3.5 என்பது 35 ஆகிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
பழங்கட்டடச் சீரமைப்புத் துறை வாசகர்கள்,
லியோன், பிரான்ஸ்.